அங்காடியும் முதலும்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் கோட்டை கொத்தளங்களையும் கோபுரங்களையும் மாளிகைகளையும் நோக்குதல் வழக்கம். நாமோ அந்நகரத்தின் காய்கறிக் கடைத்தெருவை நோக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். கோட்டை அரசனது வலிமையைக் காட்டும். மாளிகை செல்வனது பொருளைக் காட்டும். கீரைக்கட்டு விற்கப்படும் இடமோ, விளைவித்தவனுக்கு யாது கிடைத்தது, உண்பவன் யாது கொடுத்தான், இருவர்க்கும் இடையே நின்றவன் யாது எடுத்துக்கொண்டான் என்னும் மூன்றையும் ஒருங்கே காட்டிவிடும். பேரேட்டுடனும் செக்ரோலுடனும் நாடோறும் பழகும் தோட்டத்துக் கிராணிமாராகிய நமக்கு, ஒரு சமூகத்தின் வரலாற்றை இம்மூன்று பத்திகளிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றுகின்றது.

தமிழர் அங்காடி வாழ்வுக்குப் புதியவரல்லர். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரில் பகற்பொழுதில் கூடிய நாளங்காடியையும், இரவில் கூடிய அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பூ விற்போரும், வெற்றிலை பாக்கு விற்போரும், சங்கு அறுத்து வளை செய்வோரும், பொன்னை உரைத்துப் பார்ப்போரும், ஆடை விற்போரும் அங்கு நெருங்கியிருந்தனர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து நாளங்காடியின் இருப்பிடமே நம் சிந்தனைக்குரியது. தொழிலாளரும் வணிகரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசரும் உயர்குடியினரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே கிடந்த சோலை நிலத்தில் அந்த அங்காடி கூடிற்று. ஒருவரையொருவர் வேறெங்கும் நேர்முகமாகக் காணாத இருபகுதி மக்களும் காணும் இடம் அஃதொன்றே. நகரத்தின் இரு பாதிகளையும் தைத்துச் சேர்த்த நூல் அங்காடியே எனின் மிகையாகாது.

அக்காலத்து அங்காடிக்கு ஓர் அறமும் இருந்தது. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணி, வாங்குவதை மிகையாக வாங்காமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் போற்றுகின்றார். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகின்றாள். அவள் வைகறையில் எழுந்து தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலைமேற் கொண்டு ஊருக்குட் சென்று விற்று, கிடைத்த தானியத்தால் தன் சுற்றத்தை உண்பிக்கின்றாள். அத்துடன் நின்றாளல்லள். நெய்யை விற்றபொழுது விலையாகப் பொன் வாங்க மறுத்து, எருமையும் ஆவும் கன்றுமாக வாங்கிக்கொள்கின்றாள். மோர் விற்ற விலை அன்றாட உணவாயிற்று. நெய் விற்ற விலை மறுநாளும் பால் தரும் முதலாயிற்று. பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அந்தப் பெண் தன் நடையிலேயே காட்டிவிட்டாள். விளைவித்தவரே விற்பவராக இருந்தால், விற்ற பொருளின் ஒரு பகுதி முதலாகத் திரும்பிவரும் என்பதே அச்செய்தி. நம் கட்டுரையின் கருத்தும் அதுவே.

ஆயினும் பழமையை வாயாரப் புகழ்ந்துவிட்டு அமைவது நமக்கு அழகன்று. பிற்காலத்தில் நம் நாட்டுச் சந்தைகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நெல்லை விளைவித்தவனே நெல் விற்கும் தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட காலமும் உண்டு. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893ஆம் ஆண்டில் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையிற் சென்றது, இன்று கேட்போர்க்குச் சிறு செய்தியாகத் தோன்றலாம். அன்று அது பெரும் புரட்சி. அவரைப் பின்பற்றிய ஏழை உழவர், நெடுமங்காட்டுச் சந்தையில் நுழைந்து பொருள் வாங்கும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது. 1924-25ஆம் ஆண்டுகளில் நடந்த வைக்கம் போராட்டமும் கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று, அதைச் சுற்றியிருந்த பொதுச்சாலைகளில் நடப்பதற்காகவே எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. சாலை மூடப்பட்டால் சந்தை மூடப்படும். சந்தை மூடப்பட்டால் உழைத்தவன் தன் பொருளின் விலையைத் தானே சொல்லும் உரிமை போய்விடும். அவனது வாயை அடைப்பதற்கு அதனினும் எளிய வழி வேறில்லை.

சாதியின் தடை ஒருபுறம் இருக்க, தரகின் தடை மற்றொருபுறம் வளர்ந்தது. நகரங்கள் பெருத்தன, புகைவண்டி வந்தது, சிற்றூரில் விளைந்த காய் நூறு கல் கடந்து பட்டணத்துக்குச் சென்றது. சென்னை நகரின் கொத்தவால் சாவடி இதற்கு நல்ல சான்று. பல தலைமுறைகளாக அந்நகரத்து அடுப்புகளுக்குக் காய்கறி அனுப்பிய பெருஞ்சந்தை அது; இட நெருக்கடி தாங்காமல் 1996ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. இத்தகைய மொத்தச் சந்தைகள் பெரும்பணி செய்தன என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், மூட்டையை அனுப்பிய உழவன் ஊரிலேயே இருந்தான். விலை பேசியவர் மண்டியில் இருந்தார். தரகுக்கூலியும், ஏற்றுக்கூலியும், இறக்குக்கூலியும், முன்பணத்தின் வட்டியும் கழிந்தபின் எஞ்சியதே உழவன் கைக்கு வந்தது. உண்பவன் அதிகம் கொடுத்தான். விளைவித்தவன் குறைவாகப் பெற்றான். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததேயில்லை.

இந்நிலையை மாற்றக் கருதி எழுந்ததே உழவர் சந்தை. பஞ்சாபு மாநிலத்தில் 1987இல் 'அப்னி மண்டி' என்னும் பெயராலும், ஆந்திரத்தில் 1999 சனவரியில் 'ரைத்து பசார்' என்னும் பெயராலும் இம்முயற்சி தொடங்கிற்று. தமிழ்நாட்டில் முதலமைச்சர் மு. கருணாநிதியின் ஆட்சியில், 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நாளங்காடி கண்ட அந்நகரமே இதற்கும் தொட்டிலானது பொருத்தமேயாம்.

அதன் அமைப்பு எளியது. உழவர் என்று அதிகாரிகள் நேரிற்கண்டு உறுதிசெய்தவர்க்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கப்படும். கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே இலவசமாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூடைகளைச் சுமைக்கூலியின்றி அரசாங்கப் பேருந்தில் ஏற்றிவரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு நாளும் காலையில், மொத்தச் சந்தை நிலவரத்தைக் கேட்டறிந்து, உழவரும் அதிகாரிகளும் கூடி விலையை முடிவுசெய்து பலகையில் எழுதிவைப்பர். அவ்விலை மொத்த விலையினும் ஏறத்தாழ நூற்றுக்கு 20 மிகுந்தும், வெளிக்கடைச் சில்லறை விலையினும் ஏறத்தாழ நூற்றுக்கு 15 குறைந்தும் இருத்தல் வேண்டும் என்பதே நோக்கம்.

விற்பவனுக்கு அதிகம் கிடைத்தால் வாங்குபவனுக்கு நட்டம் அன்றோ என்று சிலர் வினவலாம். ஓர் எளிய கணக்கால் இதை விளக்குவோம். உழவன் ஒரு கட்டுக் கீரையைத் தரகரிடம் ஒரு வெள்ளிக்குக் கொடுக்கின்றான். அதே கட்டைப் பட்டணத்து இல்லத்தரசி மூன்று வெள்ளிக்கு வாங்குகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நேரே சந்தித்து இரண்டு வெள்ளிக்கு முடித்துக்கொண்டால், அவனுக்கு ஒரு வெள்ளி மிகுதி, அவளுக்கும் ஒரு வெள்ளி மிச்சம். இதில் ஏமாந்தவர் எவருமிலர். தரகர் செய்த வேலையை இப்போது உழவனே விடியற்காலையில் எழுந்து செய்கின்றான். ஆதலின் தரகர் பெற்ற கூலியின் ஒரு பங்கு அவனைச் சார்வது நியாயமேயாகும்.

இத்துணை நல்ல ஏற்பாட்டுக்கும் நோய் வந்தது. சில ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் நூறு சந்தைகளுக்கு மேல் எழுந்தும், உழவர் வேடத்தில் வியாபாரிகள் சில இடங்களில் நுழைந்தனர். 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரின்றி மெலிந்தன. 2006இல் பழைய ஆட்சி திரும்பியபோது அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டப்பட்டது. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அரசாங்கம் கூரை போட்டுக் கொடுக்கலாம், தராசும் கொடுக்கலாம். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அதைத் தமது உடைமையாக எண்ணிக் காக்காவிடின், ஆட்சி மாறும்போதெல்லாம் கூரையும் ஆட்டங்காணும்.

இனி நாம் வாழும் இந்நாட்டை நோக்குவோம். மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்' என்றும், தொழிலில் இடும் பணத்துக்கு 'மோடால்' என்றும் வழங்குவதை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். முன்னது நம் 'கடை'. பின்னது நம் 'முதல்'. 'பெட்டி'யும் 'கப்பலு'மாகிய சொற்களும் அவ்வாறே அம்மொழியிற் கலந்துள்ளன. சுமத்திராத் தீவில் பாருசுக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ஆகவே இக்கடல் சூழ் நாடுகளுக்குத் தமிழன் முதன்முதல் வந்தது வாணிகனாகவே என்பது தெளிவு. கடையையும் முதலையும் சொல்லாகக் கொடுத்த இனம் அது.

ஆனால் தோட்டத் தமிழனின் முன்னோர் அந்த வழியில் வந்தவரல்லர். அவர்கள் கூலிகளாகக் கொணரப்பட்டனர். 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டு வழிச்செலவை ஏற்கத் தொடங்குமுன் வந்தவர்க்குக் கப்பற்கூலியே முதற் கடனாயிற்று. தோட்டத்துக்கு வந்தபின் கடைக்கணக்கு இரண்டாவது கடனாயிற்று. பல தோட்டங்களில் ஆள்கட்டி வந்த கங்காணியே கடையும் வைத்திருந்தார். அரிசியும் பருப்பும் கருவாடும் பற்றெழுதி வாங்கி, சம்பள நாளில் அப்பற்று கழிந்தபின் மீதியைக் கண்ணாற் கண்டு மகிழ்ந்து, மறுநாளே புதுப்பற்றுத் தொடங்கும் வாழ்க்கை அது. பக்கத்தில் வேறு கடை இல்லாத இடத்தில் விலை கேட்பது எங்ஙனம்? பேரம் பேசுவதற்கு இரண்டு கடைகளாவது வேண்டும். ஒரே கடையுள்ள இடத்தில் வாங்குபவன் வாடிக்கைக்காரன் அல்லன், அவன் கட்டுப்பட்டவன். 'கடை' என்னும் சொல்லை இந்நாட்டுக்கு ஈந்தவர் மரபினர், இங்குக் கடைக்குக் கடன்பட்டவராகவும், 'முதல்' என்னும் சொல்லை ஈந்தவர் முதல் ஏதுமற்றவராகவும் ஆயினர்.

இருந்தும் நம் தாய்மாரிடம் ஒரு சிறு ஊற்று வற்றாமல் இருந்தது. அதுவே லயத்தின் பின்புறத் தோட்டம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தது போலவே எல்லா இடங்களிலும் நடைமுறையில் இருந்தது என்று நாம் கூறவில்லை. எனினும் முருங்கையும், கறிவேப்பிலையும், அவரைப்பந்தலும், கத்தரியும், பசளையும் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. சப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான கொடுங்காலத்தில், அரிசி கிடைக்காதபோது, அந்த மண்ணில் நட்ட மரவள்ளியே பலரது உயிரைப் பிடித்து நிறுத்திற்று. ஆடவர் பலர் சயாம் இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத நாட்களில், குழந்தைகளைக் காத்தவர் கொத்தும் கூடையும் ஏந்திய பெண்டிரே.

அந்தக் கீரை லயத்தின் எல்லையைத் தாண்டிப் பட்டணத்துச் சந்தைக்குப் போனதா என்பதே வினா. பெரும்பாலும் போகவில்லை. மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு ஈந்தனர். அல்லது மிதிவண்டியில் வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தனர். காரணம் சோம்பல் அன்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டியவள், விடியற்காலைச் சந்தையில் கூடையுடன் நிற்க முடியுமா? நிலமும் அவளுடையதன்று, வேலை போனால் வீடும் போகும், முருங்கைமரமும் போகும்.

நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே இதற்கு எதிர்மாறான காட்சி ஒன்றுண்டு. இங்குள்ள மலாய்க்காரரிடையே வழங்கும் அடாட் பெர்பாத்தே என்னும் வழக்குமுறையில், மூதாதையர் நிலம் பெண்வழியே இறங்குகின்றது. தன் குலத்து நிலத்தில் விளைந்த வாழைப்பழத்தையும் கீரையையும் பேத்தாய்க் காயையும் பெக்கானுக்குக் கொண்டுவந்து பாய்விரித்து அமரும் மலாய் மூதாட்டியின் முகத்தைப் பாருங்கள். அவள் விலை சொல்லும் குரலில் ஒரு தெளிவு இருக்கும். அத்தெளிவு நிலத்திலிருந்து வருவது. நம் பெண்களுக்கும் அதே உழைப்பு உண்டு. அதே கைத்திறன் உண்டு. காலுக்குக் கீழே நிலம் மட்டும் இல்லை.

இக்குறையை உணர்ந்து ஒரு பெருமுயற்சி நடந்ததை நன்றியுடன் நினைவுகூர்வோம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்துக்கொள்ளுமாறு தொழிலாளியிடம் கேட்டார். வெட்டுக்கத்தி பிடித்த கைகள் தோட்டத்துக்கே உடைமையாளராயின. சிறுதுளி முதலாகும் என்பதை நம்மவர் மெய்ப்பித்த நாள் அது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: நிலத்துக்காகச் சேர்ந்த நாம், சந்தைக்காக அந்த அளவில் சேர்ந்ததில்லை.

சந்தை என்றால் கட்டடம் என்று எண்ணுவாரும் உளர். அது பொருந்தாது என்பதற்கு இரு நகரங்கள் சான்று. கோலாலம்பூரின் மத்தியச் சந்தைக் கட்டடம் 1937இல் எழுந்தது. மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்ற அந்த இடத்தை இடிக்க எண்ணியபோது, மரபுக் காவலர்கள் முயன்று கட்டடத்தைக் காத்தனர். 1980களில் அது கைவினைப் பொருள்களின் அங்காடியாக மாறிற்று. சுவர் பிழைத்தது; கீரைக்கூடை வெளியேறிற்று. சிங்கப்பூரின் தேக்காச் சந்தையோ, எருமைத் தொழுவங்கள் இருந்த பகுதியில், சிராங்கூன் சாலையருகே 1915இல் எழுந்தது. அப்பழைய கட்டடம் 1982இல் கைவிடப்பட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்குச் சந்தை குடிபெயர்ந்தது. சுவர் போயிற்று, கீரைக்கூடை பிழைத்தது. இன்றும் அங்கு வாழையிலையும் கறிவேப்பிலையும் ஆட்டிறைச்சியும் வாங்கத் தமிழரும், மீன் வாங்கச் சீனரும் மலாய்க்காரரும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். இரண்டில் எது சந்தையைக் காத்தது என்பதை அன்பர்களே முடிவு செய்யலாம். விற்பவரும் வாங்குபவரும் தொடர்ந்து ஒருவரையொருவர் காண்கின்ற இடமே சந்தை. மற்றவை கல்லும் சுண்ணாம்புமே.

இப்போது நம் நிலை யாது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பானைச் சுற்றியும் நீலாயைச் சுற்றியும் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தில் பிறந்தவர் பலர் பட்டணத்து அடுக்குவீடுகளிற் குடியேறிவிட்டனர். தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்துள்ளனர். லயத்தை விட்டபோது நம்மவர் ஓட்டை வீட்டை மட்டும் விட்டுவரவில்லை. பின்புறத்து முருங்கையையும் விட்டுவந்தனர். முன்பு பறித்துச் சமைத்த கீரையை இன்று காசு கொடுத்து வாங்குகின்றனர். சம்பளப் புத்தகத்தில் இது இறக்கமாகத் தெரியாது, அடுப்படியில் தெரியும்.

இந்நாட்டு அரசாங்கம் வழி திறவாமல் இல்லை. 1965இல் அமைந்த கூட்டரசு வேளாண் சந்தை வாரியமாகிய 'பாமா', 1985இல் ஷா ஆலமில் 'பாசார் தானி' என்னும் உழவர் சந்தையைத் தொடங்கிற்று. மதுரைக்குப் பதினான்கு ஆண்டு முன்னரே தொடங்கிய முயற்சி இது. இன்று நம் மாநிலத்துப் பட்டணங்களிலும் அது கூடுகின்றது. அங்கே நம்மவர் பை தூக்கிச் செல்வதைக் காண்கின்றோம். கூடை இறக்கி அமர்வோர் மிகச் சிலரே.

ஆகவே மூன்று கருத்துகளைத் தோட்டத்தார் முன்னும் பட்டணத்தார் முன்னும் வைக்கின்றோம். முதலாவது, தோட்டங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் காய்கறிப் பாத்திகளை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணாதீர்கள். நிலத்தை விற்கும் பேச்சு எழும்போது வீட்டைக் கேட்பதுபோல் பயிரிடும் இடத்தையும் கேளுங்கள். இரண்டாவது, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வண்டியும் ஒரு தராசும் பொதுவில் வைத்து, முறைபோட்டுச் சந்தைக்குச் செல்லுங்கள். தனியொருத்தி பிரட்டையும் சந்தையையும் ஒரே காலையில் பார்க்க முடியாது. பத்துப்பேர் சேர்ந்தால் முடியும். கூட்டுறவுச் சங்கச் சட்டம் இந்நாட்டில் 1922 முதலே உண்டு. பயன்படுத்தாத குறை நம்முடையது. மூன்றாவது, விற்ற பணத்தின் கணக்கை அப்பெண்களே எழுதட்டும். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளியிற் படிக்கும் மகளோ, பக்கத்து வீட்டுக் கிராணியோ துணைநிற்கட்டும். கணக்கு யார் கையில் உள்ளதோ, பணமும் அவர் கையில்தான் நிற்கும். இதனை எம் தொழிலறிவிலிருந்தே உறுதியாகக் கூறுகின்றோம்.

உருத்திரங்கண்ணனாரின் ஆய்மகள் பள்ளிக்கூடம் சென்றவளாகத் தெரியவில்லை. ஆயினும் மோர் விற்ற விலை வேறு, நெய் விற்ற விலை வேறு என்று பிரித்து வைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவினையே முதலின் பிறப்பு. மலாய்க்கார அண்டைவீட்டார் 'மோடால்' என்று சொல்லும்போதெல்லாம், அது நாம் கொடுத்த சொல் என்று பெருமை பேசுவதுடன் நிற்றல் ஆகாது. சொல்லைக் கொடுத்தவர் பொருளையும் ஈட்டுதல் வேண்டும். அடுத்த பாசார் தானி கூடும் நாளில், நம் வீட்டுப் பெண்கள் பையுடன் செல்வார்களா, கூடையுடன் செல்வார்களா என்பதைத் தோட்டத் தோழர்களும் பட்டணத்து அன்பர்களும் சிந்திப்பார்களாக.